யாருடைய கைதி

போன மாதம் வர்ஷா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். இப்போது சிறையின் நீதிப் பிரிவில் தலைமை எழுத்தர். பழைய கோப்புகளைக் கழித்துக்கட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறதாம். ஒரு கோப்புக்குள் தமிழில் எழுதிய நான்கு தாள்கள் இருக்கின்றன, இங்கே யாருக்கும் படிக்க வரவில்லை, வைப்பதா எறிவதா என்று கேட்டாள்.

"மேலே என்ன பெயர் போட்டிருக்கிறது?" என்றேன்.

"நாச்சிமுத்து என்று இங்கிலீஷில் இருக்கிறது மேடம். கீழே மேலொப்பம். சாவந்த் என்று படிக்கிறேன்."

எறியாதே என்று சொன்னேன். அது என்ன தாள் என்று மராத்தியில் ஒரு பக்கம் எழுதி அவளுக்கு அனுப்பியும் வைத்தேன். அந்த ஒரு பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பாவுக்குப் புனேயில் கட்கியில் ராணுவக் கிடங்கு வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நான் பிறந்ததிலிருந்தே புனேதான். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், தெருவில் மராத்தி, கடையில் இந்தி. தமிழ் என்பது வீட்டுச் சாப்பாட்டு நேரமும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும்தான். அம்மாவின் வேதாகமத்தை வாசித்து வாசித்துத்தான் எனக்கு எழுத்து வந்தது. அச்செழுத்து என்றால் வேகமாகப் படிப்பேன். கையெழுத்து என்றால் ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்றுதான் போக வேண்டும்.

தேர்வு எழுதினேன், சிறைத் துறையில் இளநிலை எழுத்தராக வேலை கிடைத்தது. ஜெயிலில் வேலை பார்க்கும் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்று சபையில் நாலு பேர் கேட்டார்கள். சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். முதல் சில வருடங்கள் சம்பளப் பிரிவு, தபால் பிரிவு என்று ஓடின. தொண்ணூறுகளின் நடுவில் நீதிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் சாவந்த் சாகேப் சீனியர் ஜெயிலராக இருந்தார்.

எங்கள் அறை இரண்டு கேட்டுகளுக்கு நடுவில் இருந்தது. ஒரு பக்கம் தெருவைப் பார்த்த பெரிய கேட், இன்னொரு பக்கம் கைதிகள் இருக்கும் பரக்குகளுக்குப் போகும் உள் கேட். உள் கேட்டைத் தாண்டி நான் போனதில்லை. ஆனால் உள்ளே இருந்த ஒவ்வொருவரும் எங்கள் அறையில் ஒரு தாளாக இருந்தார்கள். அந்தத் தாளுக்கு வாரண்ட் என்று பெயர். எந்த கோர்ட் அனுப்பியது, எந்தப் பிரிவு, எத்தனை காலம், எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாள் இல்லாமல் ஒரு மனிதனை ஒரு மணி நேரம்கூட வைத்திருக்க முடியாது. முடியாது என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

விடுதலை டைரி என்று ஒரு பெரிய புத்தகம் உண்டு. வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். தண்டனைக் கைதி வந்த அன்றே, நன்னடத்தைக்குக் கிடைக்கும் கழிவு நாட்களைக் கணக்கிட்டு, அவன் வெளியே போகும் தேதியின் பக்கத்தில் பெயரை எழுதிவிடுவோம். ஒவ்வொரு மாலையும் மறுநாள் பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் பெயர்களுக்குரிய வாரண்டுகளை எடுத்துப் பட்டியல் போடுவது என் வேலை. வாரண்டின் தலையில் சிவப்பு மையில் எதுவும் எழுதியிருந்தால் அந்தப் பெயரைத் தள்ளிவைக்க வேண்டும். சிவப்பு மை என்றால் வேறொரு கோர்ட்டும் அவனைக் கேட்கிறது என்று அர்த்தம்.

சாவந்த் சாகேப் விடுதலைத் தாளைப் படிக்கும் விதம் வேறு மாதிரி. முதலில் மேலிருந்து கீழே படிப்பார். பிறகு கீழிருந்து மேலே, முத்திரையில் தொடங்கி, கையெழுத்து, தேதி, பிரிவு, தகப்பன் பெயர், பெயர் என்று. அதன் பிறகு கைதியைக் கூப்பிட்டு அங்க அடையாளத்தைத் தானே பார்ப்பார். இடது முழங்கையில் தழும்பு என்று எழுதியிருந்தால் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் எழுந்து நிற்பார். விடுதலைக்கு மட்டும் அவர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. கைதிகளை 'அஹோ' என்றுதான் கூப்பிடுவார். மராத்தியில் அது மரியாதைச் சொல். வீட்டில் மனைவி கணவனைக் கூப்பிடுவதும் அப்படித்தான். என்னை 'ஸ்டெல்லா பாயி' என்பார், ஸ்டெல்லா அம்மா என்கிற மாதிரி. மற்ற அதிகாரிகள் மேடம் என்பார்கள், இல்லாவிட்டால் 'ஏ, கிளார்க்'. அவருடைய மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுக் குடியிருப்பில் தனியாக இருந்தார்.

ஒரு காலையில் கேட் காவலர் வந்து எட்டிப் பார்த்தார். "பாயி, உங்கள் பாஷைக்காரி ஒருத்தி வந்து நிற்கிறாள். எதைக் கேட்டாலும் ஒரு காகிதத்தை நீட்டுகிறாள்."

வெளியே போனேன். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை, இரண்டு நாள் ரயிலில் கசங்கிய சேலை. நான் தமிழில் "வாங்கம்மா, யாரைப் பாக்கணும்?" என்றதும் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, தமிழுங்களா நீங்க? எங்கூட்டுக்காரரு நாச்சிமுத்துங்க. இன்னைக்குத் தேதிக்கு விடறாங்கன்னு லெட்டர் போட்டிருந்தாருங்க. கூட்டிட்டுப் போகலாம்னு வந்தனுங்க. எம்பேரு சரசுங்க."

நாச்சிமுத்து என்ற பெயரை முந்தின மாலைதான் டைரியில் பார்த்திருந்தேன். வாரண்டின் தலையில் சிவப்பு மை இருந்ததால் பட்டியலில் சேர்க்காமல் தள்ளிவைத்ததும் நான்தான். அரை நிமிட வேலை. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நாச்சிமுத்து நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர். புனே பக்கம் சாகணில் ஓர் ஆலைக்குக் கொண்டுவந்த சரக்கில் பாதி, வழியிலேயே காணாமல் போனதென்று வழக்கு. மூன்று வருடத் தண்டனை. செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கோர்ட் முடிவு செய்த விஷயம். அவர் உள்ளே இருக்கும்போது, பழைய விபத்து வழக்கு ஒன்றுக்காகத் தமிழ்நாட்டில் ஒரு சிற்றூர் மாஜிஸ்திரேட் கோர்ட், இன்ன தேதியில் அவரை ஆஜர்படுத்துங்கள் என்று ஒரு வாரண்ட் அனுப்பியது. அதற்கு பி.டி. வாரண்ட் என்று பெயர். காவலுக்குப் போலீஸ் துணை கிடைக்காமல் மூன்று தேதிகள் தவறின. பிறகு புதுத் தேதி வரவில்லை. ஆனால் சிவப்பு மை அப்படியே இருந்தது.

இதையெல்லாம் சரசுவிடம் எப்படிச் சொல்வது? "இன்னைக்கு விட மாட்டாங்கம்மா. ஊர்ல ஒரு கேஸ் இருக்காம்ல, அது முடியணும்" என்றேன்.

"அப்ப எப்பங்க்கா?"

தேதி எதுவும் என்னிடம் இல்லை. விடுதலை டைரியில் இனி எந்தப் பக்கத்திலும் அவர் பெயர் இருக்காது.

சாவந்த் சாகேப் அவளுக்கு இருபது நிமிடம் முலாகாத் கொடுத்தார், கைதியைப் பார்த்துப் பேசும் அனுமதி, முறை வராமலே. திரும்பி வந்தபோது பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து என் மேஜையில் வைத்தாள். நீலக் கட்டம், புதுசு. இன்று போட்டுக்கொண்டு வருவதற்காகக் கொண்டுவந்தது. "அவரு அளுவலீங்க்கா. அதான் எனக்குப் பயமா இருக்குது" என்றாள். சாகேப் அந்தச் சட்டையை முறைப்படி கைதியின் உடைமையாகப் பதிந்து வைக்கச் சொன்னார். ஆட்டோக்காரரிடம் ஸ்டேஷனில் பெண்கள் ஓய்வறையில் இறக்கிவிடும்படி மராத்தியில் சொல்லி அனுப்பினேன். கைதியின் உறவினரை வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாதென்று விதி. அந்த விதியை மதித்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

அன்று மாலை சாகேப்பிடம் கேட்டேன். "சார், இந்த வாரண்டில் ஆளை அனுப்புங்கள் என்றுதானே இருக்கிறது? ஆளை வைத்திருங்கள் என்று இல்லையே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு கோர்ட் கேட்கும் ஆளை நான் வெளியே விட்டுவிட்டு, நாளை அந்த கோர்ட் எங்கே என்று கேட்டால் நீங்கள் போய் நிற்பீர்களா?"

"தண்டனை முடிந்துவிட்டதே சார்."

"கோர்ட் சொல்லாமல் கதவு திறக்காது, ஸ்டெல்லா பாயி." அவ்வளவுதான். மூன்று நாட்கள் வேலை விஷயம் தவிர என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. நான்காம் நாள் அவர் மேஜையில் குற்றவியல் நடைமுறைச் சட்டப் புத்தகம் திறந்திருந்தது, அந்தப் பிரிவில் பென்சில் கோடுகள். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நீங்கள் சொன்ன மாதிரிதான் இருக்கிறது. ஆனால் சொல்ல வேண்டியது நீங்களும் இல்லை, நானும் இல்லை. யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்."

கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆயிற்று.

முதலில் அந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கே எழுதினோம். இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகு ஒரு பதில் வந்தது. தமிழில், கையெழுத்தில். எழுத்துக் கூட்டிப் படித்தேன். கோர்ட்டின் எல்லை பிரிக்கப்பட்டுவிட்டது, அந்தப் போலீஸ் நிலையத்து வழக்குகள் எல்லாம் பக்கத்து ஊரில் திறந்த புது கோர்ட்டுக்கு மாறிவிட்டன, அங்கே கேட்கவும் என்று இருந்தது. அங்கே கேட்டோம். வழக்குக் கட்டு இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை என்றார்கள். ஒரு கோர்ட்டிடம் கட்டு இல்லை, இன்னொன்றிடம் அதிகாரம் இல்லை.

மாதாமாதம் மாவட்ட நீதிபதி சிறையைப் பார்வையிட வருவார். நாச்சிமுத்துவை எங்கள் அறைக்கு அழைத்து அவர் முன்னால் நிறுத்தினார் சாகேப். அப்போதுதான் நான் அவரை முதலில் பார்த்தேன். ஒல்லியான, உயரமான மனிதர். நீதிபதி தாள்களைப் பார்த்தார், நல்ல மனிதர், முகத்தில் சங்கடம் தெரிந்தது. "சட்டப்படி ஒருவரை வைத்திருக்கிறார்களா என்று கேட்டு, ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை" என்றார். "உச்ச நீதிமன்றத்தை விட்டால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் அது உண்டு. ஆட்கொணர்வு மனு போடச் சொல்லுங்கள்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். நாச்சிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், நீங்க தமிழுங்களா?" என்றார். பெண்டாட்டி கேட்ட அதே கேள்வி. பிறகு, "எந்த ஊரு ஐகோர்ட்டுங்க?" என்றார்.

அதுதான் கேள்வி. ஊரில் சரசு, அவள் அண்ணன் மூலமாக ஒரு வக்கீலைப் பிடித்து, தெற்கே உள்ள உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தாள். வாரண்ட் அங்கிருந்துதானே வந்தது, அங்கே கேட்பதுதானே நியாயம் என்று அவர்கள் நினைத்தார்கள். இரண்டரை மாதம் கழித்து, அடைபட்டிருக்கும் ஆள் இந்த மாநிலத்தில் இல்லை, அவர் இருக்கும் இடத்து உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். அந்த உத்தரவின் நகலை சரசு எனக்கு அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு இன்லண்ட் கடிதம்: 'அக்கா, அவரு இந்த மாநிலத்துல இல்லீன்னு எழுதி இருக்காங்களாம். அது எங்களுக்கே தெரியுங்களே.'

சாகேப் அந்த உத்தரவைத் தன் வழக்கப்படி கீழிருந்து மேலே படித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து கோடு போட்ட வெள்ளைத் தாள்கள் சிலவற்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அவரையே எழுதச் சொல்லுங்கள். வக்கீல் வேண்டாம். சிறையிலிருந்து கைதி எழுதும் காகிதத்தை மும்பை ஐகோர்ட்டில் மனுவாகவே எடுத்துக்கொள்வார்கள்."

"எந்த மொழியில் சார்?"

"அவருக்கு எது வருமோ அதில். நீங்கள் இருக்கிறீர்களே."

நாச்சிமுத்து ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். எங்கள் அறை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு நாள் எழுதினார். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பேனாவை அழுத்தி அழுத்தி. அந்த இரண்டு நாளும் சாகேப் யாரையும் அறைக்குள் சத்தம் போட விடவில்லை. மனுவில் சட்டம் எதுவும் இல்லை. லாரி ஓட்டிய வழிகள், மனைவி வந்து நின்ற நாள், தினமும் காலையில் பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்பது. மூன்றாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்:

'எனக்குக் குடுத்த தண்டனைய முடிச்சிட்டேன். இப்ப நான் யாருடைய கைதின்னு தெரியல. தெரிஞ்சா அவங்ககிட்ட கேட்டுக்குவேன்.'

இதை ஆங்கிலத்தில் கொண்டுவர எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் கோபமாக வந்தது, அல்லது கெஞ்சலாக வந்தது. தமிழில் அது இரண்டும் இல்லை. பஸ் நிலையத்தில் வழி கேட்கிற குரல் அது. நான் அடித்து அடித்து எழுதுவதைப் பார்த்து சாகேப், "எனக்குத் தமிழிலேயே படித்துக் காட்டுங்கள்" என்றார். படித்தேன். ஒரு வார்த்தை புரியாது அவருக்கு. ஆனால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். "இதே வேகத்தில் இங்கிலீஷில் எழுதுங்கள்" என்றார். அந்த நாள் எனக்கு மறக்கவே இல்லை. என் அம்மாவைத் தவிர வேறு யாரும் அதுவரை நான் தமிழ் படிப்பதைக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்தது கிடையாது.

தமிழ்த் தாள்களின் அடியில் சாகேப் மேலொப்பம் போட்டார், ஒரு பிரதி எங்கள் கோப்பில் தங்கியது. மும்பையில் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். எந்த அதிகாரத்தின் பேரில் இவரை வைத்திருக்கிறீர்கள் என்று சிறைக்கு நோட்டீஸ் வந்தது. ஆளையும், மனுவை மொழிபெயர்த்த ஊழியரையும் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். பதில் எழுத வேண்டியது சாகேப். மேலே இருந்து ஒரு வரைவு வந்தது: 'செல்லத்தக்க வாரண்டின்படி சட்டப்பூர்வமாக வைக்கப்பட்டிருக்கிறார்.' அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு என்னை டைப் அடிக்கச் சொன்னார். நான்கே வரி. தண்டனை முடிந்த தேதி. அதற்குப் பிறகு அவரை வைத்திருக்கச் சொல்லி எந்த நீதிமன்றத்தின் வாரண்டும் இந்தச் சிறையில் இல்லை. வேறொரு நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி ஓர் உத்தரவு மட்டும் இருந்தது. அனுப்ப இயலவில்லை.

கடைசி வரியை அடிக்கும்போது என் விரல் நின்றது. "சார், இது நம் மேலேயே வருமே."

"உண்மை யார் மேலேயாவது வரத்தானே வேண்டும்? அடியுங்கள்."

மேலதிகாரி அவரைக் கூப்பிட்டனுப்பினார். கதவு திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது. வாசகத்தை மாற்றுங்கள் சாவந்த், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தானே இருக்கிறது என்றார் அவர். சாகேப்பின் குரல் எப்போதும்போலத் தாழ்ந்தே இருந்தது. "கையெழுத்து என்னுடையது சார். வேறு வாசகம் வேண்டுமானால் வேறு யாராவது போடட்டும்."

விசாரணை நாளன்று நாச்சிமுத்துவைப் போலீஸ் வண்டியில் அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் காலை ரயிலில் மும்பைக்குப் போனோம். மழைக்காலம். கண்டாலா மலையில் வண்டி இறங்கும்போது இரு பக்கமும் அருவிகள். எதிரெதிரே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். அவர் வீட்டில் செய்த போஹாவை, நம் அவல் உப்புமா மாதிரி, ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். உப்பு கொஞ்சம் தூக்கல். நன்றாக இருக்கிறது என்றேன். அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார்.

வேலைக்கு வந்த புதிதில் வேறொரு சிறையில் இருந்தாராம். ஒரே பெயரில் இரண்டு பேர். தகப்பன் பெயரைப் பார்க்காமல் தவறான ஆளை வெளியே விட்டுவிட்டார். எட்டு மாதம் தற்காலிக வேலை நீக்கம்.

"அதனால்தான் இப்படி இரண்டு தடவை படிக்கிறேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்" என்றார். "வெளியே போனவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, பாயி. அவனைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் சரியான ஆள் உள்ளேயே இருந்தான். தவறு தெரிய பதினொரு நாள் ஆயிற்று. பதினொரு நாளும் தினமும் என்னிடம் வந்து, சாகேப் என் தேதி வந்துவிட்டதே என்று சொன்னான். போய்விட்டாய் என்று புத்தகத்தில் இருக்கிறது, நீ யார் என்று நான் அதட்டினேன். அந்த முகம்தான்."

அப்புறம் மலைக்குக் கீழே கர்ஜத் வரும்வரை இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ரயில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடப் போயிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

கோர்ட்டில் எங்கள் முறை மதியத்துக்கு மேல்தான் வந்தது. அரசு வக்கீல் எழுந்து, வாரண்ட் வேறு மாநில கோர்ட்டுடையது, அதை ரத்து செய்யும் எல்லை இந்த நீதிமன்றத்துக்கு இல்லை, மனுதாரர் ஏற்கெனவே அங்கே போய்த் திரும்பியிருக்கிறார் என்றார். இரண்டு நீதிபதிகளில் மூத்தவர் கேட்டார்: "அந்த வாரண்டை ரத்து செய்யச் சொல்லி யார் கேட்டார்கள்? பூட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது?"

"புனே சிறையிடம்."

"புனே எங்கள் எல்லைக்குள்தானே இருக்கிறது? சாவி வைத்திருப்பவரை, எந்தத் தாளை வைத்துக்கொண்டு பூட்டியிருக்கிறாய் என்று கேட்கத்தான் இந்த மனு. அவர் தாள் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்." பிறகு என்னைப் பார்த்தார். "மொழிபெயர்த்தது நீங்களா? மூன்றாம் பக்கத்தில், நான் யாருடைய கைதி என்றுதான் எழுதியிருக்கிறாரா, அல்லது யாருடைய காவலில் இருக்கிறேன் என்றா?"

"யாருடைய கைதி என்றுதான், மை லார்ட். குறையாகச் சொல்லவில்லை. வழி கேட்பது மாதிரி கேட்டிருக்கிறார்."

நீதிபதி அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். அங்கேயே உத்தரவைச் சொன்னார். உடனடி விடுதலை. பழைய வழக்குக்கு மனுதாரர் தானே போய் ஆஜராக வேண்டும். பின்வரிசையில் போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்ற நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அவர் பக்கம் போய், "உங்கள விட்டாச்சு" என்றேன். அவர், "யாருங்க விட்டது?" என்று கேட்டார்.

உத்தரவின் சான்று நகல் மறுநாள் மதியம் புனேக்கு வந்தது. சாகேப் மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். வலது புருவத்தில் இருந்த தழும்பைப் பார்த்தார். எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார். தண்டனை முடிந்து இருநூற்றுப் பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. நாச்சிமுத்து நீலக் கட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டார். தோளில் அது தொளதொளவென்று தொங்கியது. சாகேப் மராத்தியில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்: "இத்தனை நாள் உங்களை இங்கே வைத்திருந்தது தவறு. நான் வருத்தப்படுகிறேன்." சிறையில் ஓர் அதிகாரி கைதியிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நாச்சிமுத்து கும்பிடவில்லை. "செரிங்க" என்றார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மன்னிக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. பெரிய கேட்டின் சின்னக் கதவு வழியாகக் குனிந்து வெளியே போனார். சரசுவுக்கு நான் கொடுத்த தந்தி அதற்குள் போய்ச் சேர்ந்திருக்காது. வெளியே யாரும் நிற்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. விபத்து வழக்கை புது கோர்ட்டில் தேடிப் பிடித்து, அவரே போய் நின்று, விடுதலை ஆகிவிட்டார். சாட்சி சொல்ல யாரும் மிச்சம் இல்லையாம். லாரிக்குப் போகவில்லை, மாமனார் தோட்டத்தில் மரவள்ளி போட்டிருக்கிறோம், சரசு, அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள் என்று இருந்தது. சாகேப்புக்கு அதை மராத்தியில் சொன்னேன். மரவள்ளி என்றால் என்ன என்று கேட்டார். ஜவ்வரிசி செய்யும் கிழங்கு என்றேன். விரத நாளில் நான் சாப்பிடுவது அவர் தோட்டத்துக் கிழங்கா என்று ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

மழை முடிவதற்குள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. விதர்பாவின் கிழக்கு மூலையில் ஒரு சிறு மாவட்டச் சிறை. காரணம் எதுவும் போடவில்லை, போடவும் மாட்டார்கள். அங்கேயே இரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றார். பிறகு கராட் பக்கம் சொந்த ஊரில் போய் இருந்தார். தீபாவளிக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வரும், கிறிஸ்துமஸுக்கு நான் ஒன்று போடுவேன். 'ஸ்டெல்லா பாயி யாங்ஸ்', அதாவது ஸ்டெல்லா பாயி அவர்களுக்கு, என்று முகவரியில் தொடங்கும் அந்த வட்டமான எழுத்தை இப்போது நினைத்தாலும் மனம் என்னவோ செய்கிறது. ஆறேழு வருடம் அப்படிப் போயிற்று. ஒரு தீபாவளிக்குக் கடிதம் வரவில்லை. ஜனவரியில் அவர் மகள் எழுதினாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

என்னிடம் அவருடைய போட்டோ எதுவும் இல்லை. அலுவலகப் பிரிவுபசாரக் குழுப் படம் ஒன்று எடுத்தார்கள். அன்றைக்குப் பார்த்து அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நான் போகவில்லை. படத்தில் நான் இல்லை என்பதால் எனக்கு ஒரு பிரதி போடவில்லை.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அவர் கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்பு, மதியம், அறையில் நாங்கள் இருவர் மட்டும். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலை நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வாரண்டுக் கட்டுகள் இத்தனை, பதிவேடுகள் இத்தனை என்று அவர் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்தினார். தாளை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஸ்டெல்லா பாயி, நீங்கள் கடைசிவரை புனேயிலேயேதான் இருப்பீர்களா?"

"வேறெங்கே போவது சார்?" என்றேன்.

அவர் தாளை எடுத்து, அடுத்த பதிவேட்டின் பெயரைச் சொன்னார். நான் அதை டைப் அடித்தேன். அன்று மாலை பஸ்ஸில் பாலம் தாண்டும்போதுதான் அவர் என்ன கேட்டார் என்று எனக்குப் புரிந்தது. மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். இன்னும் நான்கு நாள் இருந்தது.